பூக் கவுனும் வெள்ளை வேட்டியும்

ஆடைதான் மனித நாகரிகத்தின் மணிமகுடம். இலை தழையிலிருந்து துணிக்கு வந்து சேர மனிதன் எத்தனை யுகங்கள் பாடுபட்டான்!

அந்த ஆண்டு மாத்தளைக்கு அந்த நாகரிகம் ஒரே டிசைனில் வந்தது. நீலத் துணியில் பெரிய வெள்ளைப் பூ. துணித் தட்டுப்பாட்டுக் காலம் அது. சங்கக்கடையில் கூப்பனுக்குக் கொடுத்ததைத்தான் எல்லோரும் உடுத்தினார்கள். பஸ்ஸில் ஏறினால் பூந்தோட்டத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

பலாபத்வலையில் இருந்த மஸீனா அந்தத் துணியில் தானே ஒரு கவுன் தைத்தாள். பதினொரு வயதில் அவள் தைத்த முதல் கவுன். துணி போதாது என்று கேள்விப்பட்டதும், கலேவெலயில் இருந்த அவள் சின்னம்மா நூருன்னிஸா சாச்சி தன் பெருநாள் துணிப் பங்கையும் அவளுக்கே கொடுத்துவிட்டாள். கைக்குழந்தையோடு சாச்சியால் வந்து பார்க்க முடியாது.

“தைச்சு உடுத்து ஒரு போட்டோ அனுப்பு மகள். எனக்கு அது போதும்” என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

அதற்காகத்தான் மஸீனா வாப்பாவோடு மாத்தளை டவுனுக்கு, ஜுனைதீன் நானாவின் ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

“நல்ல நேரம் வந்தீங்க. பிலிம்ல ரெண்டு படம்தான் மிச்சம். புது பிலிம் எப்ப வருமோ, அல்லாஹ்தான் அறிவான்” என்றார் நானா.

ஒரு படம், முன்னமே வந்து நின்ற இராசலிங்கம் ஐயாவுக்கு. யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் கந்தோரில் எழுத்தர்களுக்கெல்லாம் மேலே, புதிதாகத் தலைமை லிகிதர் ஆகியிருந்தார். இடுப்பில் பளிச்சென்ற வெள்ளை வேட்டி. மேலே ஸ்டூடியோக் கறுப்புக் கோட்டு. ஊரில் படம் எடுத்த பெரிய மனிதர்கள் எல்லோரும் போட்ட கோட்டு அது. யாரோ ஒரு மெலிந்த மனிதருக்காகத் தைத்தது.

“நெஞ்ச நிமித்துங்க சேர்.”

நிமிர்த்தினார். டர்ர்ர்! முதுகுத் தையல் விட்டுப் போனது.

“ஐயோ, என்ர மானம் போச்சு!”

மஸீனா தன் கவுன் மடிப்பில் நூலோடு குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தாள்.

“அசையாதீங்க சேர். மூச்சும் விட வேணாம்.”

“மூச்சு விடாமல் எப்பிடி பிள்ளை இருக்கிறது?”

“அப்ப கொஞ்சமா விடுங்க.”

தைத்து முடித்தாள். இராசலிங்கம் ஐயா குளிர்ந்து போனார்.

“நல்லாயிரு பிள்ளை. முதல்ல நீ எடு. நான் ஆறுதலா மூச்சு விட்டுட்டு வாறன்.”

மஸீனா திரைக்கு முன்னால் போய் நின்றாள். நானா கெமராவுக்குள் பார்த்தார்.

“மகள், எங்க போன? தலை மட்டும்தான் தெரியுது!”

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நீலத் துணி. பெரிய வெள்ளைப் பூ.

“எனக்கும் சங்கக்கடையிலதானே கூப்பன்” என்றார் நானா மெதுவாக.

“திரையைக் கழட்டிட்டு எடுக்கலாமே?” என்றார் வாப்பா.

“பின்னால பூச்சு உதிர்ந்து காறை பேந்த சுவர். கவுன்லயும் காறை பேந்த மாதிரி விழும்.”

மஸீனாவுக்குக் கண் கலங்கியது. தலை மட்டும் விழுந்த படத்தை வைத்துக்கொண்டு சாச்சி என்ன செய்வாள்? தலையைத்தான் அவள் ஏற்கெனவே பார்த்திருக்கிறாளே!

வெள்ளையாக ஏதாவது வேண்டும். பெரியதாக வேண்டும். அவள் பார்வை மெல்ல இராசலிங்கம் ஐயாவின் இடுப்புக்குப் போனது.

“சேர், கோவிக்காதீங்க. உங்கட வேட்டியக் கொஞ்ச நேரம் தருவீங்களா?”

“என்ர வேட்டியையோ? பிள்ளை, நான் தலைமை லிகிதர்!”

“தெரியும் சேர். அதனாலதான் இவ்வளவு வெள்ளையா இருக்கு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவினார். தையல் உறுதியாக இருந்தது. பூத்திரையை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனார். சற்று நேரத்தில் வேட்டி மட்டும் கதவிடுக்கால் வெளியே வந்தது.

வேட்டியைச் சுவரில் கட்டியதும் கவுனின் ஒவ்வொரு பூவும் தனித்தனியாகத் தெரிந்தது. மஸீனா சிரித்தாள். கிளிக்!

பூத்திரையை இடுப்பில் சுற்றிக்கொண்டு வந்த இராசலிங்கம் ஐயா சுவரைப் பார்த்து அசந்து நின்றார்.

“என்ன வடிவு! எனக்கும் இந்த வெள்ளைதான் பின்னால வேணும். முழுக் கம்பீரமும் விழவேணும் தம்பி. நல்லாப் பின்னுக்குப் போய் எடும்.”

“சேர், இடுப்புல...”

“சொன்னதைச் செய்யும்!”

நானா பின்னுக்குப் போனார். கிளிக்!

சாச்சி தன் படத்தை அலுமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தாள். வருகிறவர்களிடம் எல்லாம், “என்ட மகள் அவ கையால தைச்சது” என்றாள். மஸீனா தொழுது துஆக் கேட்கும்போது சாச்சிக்காகக் கேட்டாள். வேட்டி தந்தவருக்காகவும் கேட்டாள்.

இராசலிங்கம் ஐயாவின் படம் கண்ணாடிச் சட்டம் போட்டு, யாழ்ப்பாணத்து வீட்டின் முன்னறையில் தொங்கியது. அதில் அவர் திரைச்சீலை கட்டியிருந்தார்.