பதினொன்றாவது துளை

பதினொன்றாவது துளை ஏப்பம் விட்டது.

சிமெண்ட் பால் உள்ளே இறங்கும்போது அடைபட்ட காற்று மேலே வருவது வழக்கம்தான். ஆனால் இது ஈரமாக, தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தது; கூடவே நாலு நாள் கழுவாத பால்புட்டியைத் திறந்ததுபோல ஒரு புளிச்ச வாடை எழுந்து அவள் முகத்தில் அப்பிக்கொண்டது. சிமெண்டைத் தண்ணீரில் கரைத்தால் வேலையாட்களுக்கு அது பால். பேர்தான் பால், புளிக்காது. நாலு வருடப் படிப்பில் அதுகூடத் தெரியாமல் போய்விடவில்லை அவளுக்கு.

ஆற்றின் குறுக்கே இரண்டாள் உயரத்தில் பழைய கல் தடுப்பணை. தலையில் புதுக் கதவுகள் பொருத்துவதற்கு முன், மேலிருந்து துளை போட்டுப் பால் இறக்கி அதன் வயிற்றுப் பொந்துகளை நிரப்ப வேண்டும். துளைக்கு ஆறு மூட்டை போதும். இது நாற்பத்திரண்டு குடித்திருந்தது.

"இன்னும் கேக்குது மேடம்," என்றார் பம்ப் ஓட்டும் சோடாபுட்டி. "இது அணையா, இல்ல என் மச்சானா?"

அவள் சிரிக்கவில்லை. போனில் பெரிய சாரிடம் சொல்லியாயிற்று. "குடிச்சா குடும்மா. நிறுத்தினா பைப்புல இறுகிடும். புதுசா வந்தவங்களுக்கு எல்லாமே பயம்தான்." அந்த வாயில் நாலு மூட்டையைக் கொட்டியிருக்கலாம்.

அப்பா கீழே இருந்தார். மகள் பொறியாளராக வந்த இடத்தில் அவர் தினக்கூலிக் கொத்தனார். மணல் வெளியேற அணையின் அடியில் விட்டிருந்த சுரங்கத்துக்குள், சுவரில் பால் கசிகிறதா என்று பார்க்க அவள்தான் அனுப்பினாள். "மேடம் உத்தரவு" என்று கேலியாகக் கும்பிட்டுவிட்டுக் குனிந்து போனார். உள்ளிருந்து மேலே வரும் இரும்புக் குழாயில் அவர் ஒரு தட்டு தட்டினால் கசிவில்லை, குடு. இரண்டு தட்டினால் நிறுத்து.

டொக்.

குடுத்தார்கள். ஹோஸ் துடித்தது. வாடை கெட்டியாகி நாக்கில் படிந்தது, துப்பினாள், போகவில்லை.

டொக். டொக்.

"இது ரெண்டா? ஒண்ணும் ஒண்ணுமா?"

சோடாபுட்டி காதைத் தீட்டினார். "நடுவுல இடைவெளி இருக்கே. ஒண்ணும் ஒண்ணும்தான். உங்கப்பா அவசரப்படுத்துறாரு."

"சரி, குடுங்க."

டொக். டொக். டொக்.

மூன்றுக்குக் கணக்கே இல்லை.

"நிறுத்துங்கண்ணே!"

பம்ப் நின்றது. ஹோஸ் நிற்கவில்லை. உள்ளிருந்து யாரோ சப்பியதுபோல ஒட்டி, தட்டையாகி, துளைக்குள் முழம் முழமாக இறங்கியது.

அவள் கரையில் சறுக்கி இறங்கி ஓடினாள்.

சுரங்கத்துக்குள் வெதுவெதுப்பு. கல் குளிர்ந்திருக்க வேண்டும். டார்ச் பட்ட இடமெல்லாம் சுவர் பளபளத்தது, எச்சில் ஊறிய கன்னத்தின் உட்புறம் மாதிரி. கை ஊன்றினாள். அழுந்தியது. விரல்களுக்கிடையில் கொழகொழவென்று ஏதோ நூல் நூலாகத் தொங்கியது. குமட்டியது. வாயைப் பொத்தவும் அந்தக் கைதான் இருந்தது.

"அப்பா?"

டொக்.

குழாய் பக்கத்திலேயே இருந்தது. அங்கே யாரும் இல்லை.

இன்னும் நாலடி. முதுகு தெரிந்தது. சுவரில் நெஞ்சை ஒட்டி நின்றார். இரண்டு கையும் தோள்வரை கல்லுக்குள். தட்டக் கை இல்லை.

இடுப்பைக் கட்டிக்கொண்டு இழுத்தாள். வழுக்கியது. சுவர் ஒருமுறை விழுங்கியது. அவர் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனார்.

அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். தாடி மயிரெல்லாம் திரிதிரியாக வெள்ளைத் தயிர்.

"பயப்படாத கண்ணு," என்றார், குழந்தை எழுந்துவிடுமோ என்பதுபோல மெதுவாக. "கடிக்கல. இதுக்கு இன்னும் பல்லு முளைக்கல."

அவருடைய கன்னத்தைத் தேடி, கல்லிலிருந்து ஈரமான ஈறு ஒன்று வெளியே நீண்டது.