முப்பது இழுப்பு

சனிக்கிழமை காலை மணி பத்து நாற்பது. தோட்டக்காரர் புல்வெட்டும் மிஷினைத் தள்ளிக்கொண்டு மூன்றாவது முறையாகப் பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்தார். செருப்பு ஓரமெல்லாம் பச்சைக் கறை. வாரண்டி அன்று மதியம் கடை மூடும் ஒரு மணியோடு முடிகிறது. திங்கட்கிழமை காலை மருத்துவமனைப் புல்வெளியில் மிஷின் ஓடாவிட்டால் அந்த வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும்.

வீட்டில் முப்பது தடவை கயிற்றை இழுத்தால்தான் அதற்கு உயிர் வரும். கடையில் ஒரே இழுப்பு. மேலாளர் இரண்டு முறையும் ‘பழுதில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். மிஷினுக்கு உங்களைக் கண்டாலே ஆகாது போல என்று மனைவியே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

மெக்கானிக்கம்மா வந்தார். புறங்கையைச் சைலன்சர் அருகே கொண்டுபோய்ச் சட்டென்று எடுத்தார். குனிந்து, பிளேடில் ஒட்டியிருந்த ஈரப் புல்லைக் கிள்ளிப் பார்த்தார். அதற்குள் மேலாளர் வந்து கயிற்றை இழுத்தார். ஓடியது. அணைத்துவிட்டு உள்ளே போனார்.

கவுன்ட்டரில் இருந்தவருக்குப் பட்டப்பெயர் ‘அவசரம்’. பெட்ரோல் பழசு என்றார். இல்லை, பிளக் என்றார். கடைசியில் தோட்டக்காரருக்கு இழுக்கவே தெரியவில்லை என்று முடித்தார்.

“அண்ணே, வீட்டுலேருந்து கிளம்பறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாத்தீங்களா?” என்றார் மெக்கானிக்கம்மா.

“பின்ன? முதல்ல போன்ல கேட்டப்பவே பழைய பெட்ரோல்னு திட்டுனாங்க. அதனால புதுசு ஊத்தி, வாசப்புல்லை ஒரு சுத்து வெட்டிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் வர்றேன். வீடு ரெண்டு தெரு தள்ளித்தானே.”

மெக்கானிக்கம்மா மிஷினை மின்விசிறிக்கு நேராக நகர்த்தினார். யாரும் தொடக்கூடாது என்றார். ஐஸ் வைக்கலாமா என்று கேட்ட அவசரத்தை ஒரு பார்வை பார்த்தார். தோட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு மேலாளரைக் கூப்பிட்டார்கள். அவர் இழுத்தார். மறுபடி இழுத்தார். அவசரம் சத்தமாக எண்ணத் தொடங்கினார். பதினெட்டில் மேலாளர் சட்டைக் கையை மடித்துவிட்டார். இருபத்தைந்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, என்னதான் கோளாறு?” என்றார் அவசரம்.

மெக்கானிக்கம்மா எஞ்சின் பக்கவாட்டில் இருந்த ரப்பர் குமிழைக் கட்டைவிரலால் அழுத்தினார். புஸ்ஸென்று காற்றுப் போனது. அடியில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு.

“ஆறிப்போன எஞ்சினுக்கு இதை அமுக்கினாத்தான் கூடுதல் பெட்ரோல் போகும். இதுல வெறும் காத்துதான் போகுது. சூடா இருந்தா இது தேவையே இல்லை. மூணு தடவையும் மிஷின் சூடாத்தான் வந்திருக்கு. காலைல சைலன்சர் கையைச் சுட்டுது, புல்லும் வாடாம இருந்துச்சு. ஓட்டிட்டு வர வெச்சது நம்ம பேச்சுதான். இங்க யாரும் குமிழைத் தொடவே இல்லை.”

இப்படிப்பட்ட குமிழ் அலமாரியில் நாலு இருக்கிறது, மாட்டப் பத்து நிமிஷம் போதும் என்றும் சொன்னார். தோட்டக்காரர் எழுந்து நின்றார்.

மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, தான் எழுதியது தப்பில்லை, வெடிப்பு இன்றைக்குக்கூட விழுந்திருக்கலாமே என்றார்.

மெக்கானிக்கம்மா வாரண்டிப் படிவத்தையும் பேனாவையும் மிஷின்மேல் வைத்தார். கயிற்றின் பிடியை மேலாளர் பக்கம் திருப்பினார்.

“ஒரு மணிக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு சார். எழுதறீங்களா, இழுக்கறீங்களா?”