கணப்பு கக்கிய புகை

கேப்டன் ஹோலிஸ் ஷெரிப் அலுவலகத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவர் சட்டையின் புகைநாற்றம் உள்ளே வந்துவிட்டது. ப்ளூ ஹாலோ பூங்காவில் மாளிகை கட்டும் முகாமுக்கு அவர்தான் பொறுப்பு. ஊரெல்லாம் வேலையற்றுக் கிடந்த அந்தப் பஞ்ச காலத்தில், அரசாங்கம் ஆட்களைத் திரட்டி ஓசார்க் மலைக் கல்லையும் காட்டு மரத்தையும் கொண்டு எழுப்பிய கட்டடம் அது. சனிக்கிழமை திறப்பு விழா. கவர்னர் வருகிறார்.

"இன்னிக்குக் காலைல கணப்புல தீ மூட்டிப் பாத்தோம், ஷெரிப். மேல போக வேண்டிய புகை மொத்தமும் கூடத்துக்குள்ள வந்துடுச்சு. உத்தரமெல்லாம் கரி! போன வாரம் மூட்டினப்போ அம்சமா எரிஞ்ச அடுப்பு."

"என்ன அடைச்சிருக்கு?" என்று கேட்டார் ஷெரிப் ஏமஸ் வாண்டிவர்.

"தெரியல. சூடு ஆறல, யாரும் உள்ள எட்டிப் பாக்கல. ஆனா ஆளு யாருன்னு தெரியும். சாம்பல்ல எம்மெட் ரஸ்கோட புகையிலை டப்பா கிடந்துது."

துணை ஷெரிப் க்ளெல் பர்ரிஸ் அதற்குள் தொப்பியை மாட்டிக்கொண்டு விலங்கையும் எடுத்துவிட்டான். எம்மெட்டை அவனுக்குத் தெரியும். கூரை உத்தரங்களைக் கோடரியாலேயே செதுக்கியவன். கணப்பைக் கட்டிய கொத்தன் வர்ஜில் டாக்கெட்டின் மனைவி லொரீனாவை ஒரு காலத்தில் மணக்க இருந்தவனும் அவன்தான்.

"பொண்ணு கைவிட்டுப் போச்சுங்கிற வயித்தெரிச்சல்!" என்றான் க்ளெல். "இதுக்கு மேல விசாரிக்க என்ன இருக்கு?"

"நிரூபணமானா அவனை முகாமைவிட்டுத் துரத்தணும்," என்றார் கேப்டன். "அவன் அனுப்புற சம்பளத்துலதான் அங்க ஒரு குடும்பமே சாப்பிடுது."

"அப்போ பொறுமையாவே பாப்போம்," என்று எழுந்தார் ஏமஸ்.

மாளிகையின் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம் க்ளெலுக்கு மலையே வந்து வீடாக உட்கார்ந்துகொண்டதாகத் தோன்றும். மழையிலும் வெயிலிலும் கிடந்து பாசியேறிய முகம் வெளியே தெரியும்படி ஒவ்வொரு கல்லும் வைக்கப்பட்டிருந்தது. மூவரும் கூடத்துக்குள் போனபோது வர்ஜில் கை முழுக்கக் கரியோடு நின்றிருந்தான். சாப்பாட்டுக் கூடையுடன் வந்திருந்த லொரீனா வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"பாத்தீங்களா ஷெரிப்! என் அடுப்போட தொண்டையில கல்லைத் திணிச்சிருக்கான் அந்தப் பாவி. என் பேரு கெடணும், அதான் அவனுக்கு வேணும்."

"எரியற கட்டைய யாரு வெளிய இழுத்தது?"

"நான்தான். புகையில வேற யாரு கிட்ட போவாங்க? சாம்பலைக் கிளறினேன், டப்பா வந்துது."

ஏமஸ் அந்தத் தகர டப்பாவை வாங்கிச் சன்னலருகே திருப்பிப் பார்த்தார். சிவப்புச் சாயம் பளபளத்தது. மூடியில் எம்மெட் ஆணியால் கீறிய முதலெழுத்துகள் தெளிவாக இருந்தன. பிறகு அவர் லாந்தரோடு கணப்புக்குள் குனிந்தார். வெகுநேரம் கழித்துத்தான் தலையை வெளியே எடுத்தார்.

"க்ளெல், நீயும் பாரு."

புகை மேலே போகும் பாதை குறுகும் இடத்தில் ஒரு பலகைக்கல் குறுக்கே கிடந்தது. அது விழாதபடி ஓரங்களில் சில்லுக்கல் ஆப்பு வைக்கப்பட்டிருந்தது. க்ளெல் கைக்குட்டையால் அதன் அடிப்பக்கத்தைத் துடைத்தான். கரிக்குக் கீழே தீய்ந்த கற்பாசி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"கல்லேதான்! வர்ஜில் சொன்னது அப்படியே இருக்கு!" என்று கூவினான்.

"ஆமா. அப்படியே இருக்கு," என்றார் ஏமஸ். "எம்மெட்டைக் கூட்டிட்டு வா."

எம்மெட் வந்தான். "டப்பா என்னுதுதான். ரெண்டு நாளாக் காணோம்னு முகாம் முழுக்கக் கேட்டுட்டுத் திரிஞ்சேன். எனக்கு வர்ஜில் மேல ஒரு கோபமும் இல்ல, சார்."

"எனக்கு உன் மேல இருக்குடா!" என்றான் வர்ஜில்.

"அது எனக்குப் புரிஞ்சுது," என்று ஏமஸ் அவன் பக்கம் திரும்பினார். "இந்த டப்பா தீயில கிடந்திருந்தா சாயம் கொப்புளிச்சு உரிஞ்சிருக்கணும். ஒரு கீறல்கூட மங்கல. அப்படின்னா தீ அணைஞ்ச பிறகுதான் இது சாம்பலுக்குள்ள போயிருக்கு. அப்போ எம்மெட் எங்க இருந்தான், கேப்டன்?"

"ஆத்தங்கரைல மரம் இழுத்துட்டிருந்தான். டப்பா கிடைச்சதும் அங்கிருந்துதான் பிடிச்சுட்டு வந்து முகாம்ல வச்சோம்."

"கணப்புக்கிட்ட இருந்தது வர்ஜில் ஒருத்தன்தான். அடுத்தது, உள்ள என்ன அடைச்சிருக்குன்னு கேப்டனுக்கே தெரியாது. குருவிக்கூடா, சாக்கா, எதுவா வேணா இருந்திருக்கலாம். நாங்க குனிஞ்சு பாக்குறதுக்கு முன்னாடியே 'கல்லு'ன்னு சொன்னது யாரு?"

க்ளெலின் கையிலிருந்த விலங்கு கனத்தது. அந்தச் சொல்லை அவனும்தான் கேட்டான்.

"கடைசியா, அந்தக் கல்லு," என்றார் ஏமஸ். "இது ஒண்ணு மட்டும்னா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். யாரும் பாக்காத இருட்டுப் பொந்து அது. அங்கயும் பாசி முகத்தைப் பாக்கறவன் பக்கம் திருப்பி, சில்லு வச்சு இறுக்கியிருக்கு. சதி பண்ணும்போதுகூட உன் கை கொத்தன் கையாவே இருந்திருக்கு, வர்ஜில்."

வர்ஜில் சாம்பலின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஞாயித்துக்கிழமை விருந்துல இவ அவன்கூடச் சிரிச்சா," என்றான். "வயித்தப் பிடிச்சுட்டு, கண்ணுல தண்ணி வர. என்கூட அப்படிச் சிரிச்சதே இல்ல. அவன் கண்காணாம போயிட்டாப் போதும்னு இருந்துது. அதுக்கு என் அடுப்பு நாறினாலும் பரவாயில்லன்னு நெனச்சேன்."

 லொரீனா கூடையைக் கீழே வைத்துவிட்டு அவனருகே வந்தாள்.

"எதுக்குச் சிரிச்சேன்னு ஒரு வார்த்த கேட்டியாய்யா? 'உன் புருஷன் அடுப்பைக் கட்டி முடிச்சதும் அதுக்கு முத்தம் கொடுத்ததை நான் பாத்தேன்'னான் எம்மெட். 'ஆமா, வீட்டுக்கு வந்தப்போ உதட்டுல சுண்ணாம்பு இருந்துது'ன்னேன். அதுக்குத்தான் சிரிச்சோம். எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துது தெரியுமா?"

வர்ஜில் முகத்தை மூடிக்கொண்டான். கரிக் கைகளுக்கிடையே கண்ணீர் வழிந்தது.

"சிறைக்கு அனுப்ப வேண்டாம் சார்," என்றான் எம்மெட் மெதுவாக. "ஆனா இவன்கூட இனி ஒரே கூரையடியில வேலை செய்ய என்னால முடியாது."

கேப்டன் வர்ஜிலை அன்றே முகாமிலிருந்து நீக்கினார். போகுமுன் அவன், அந்தக் கல்லை நானே எடுக்கிறேன் என்று கேட்டு, எடுத்தான். க்ளெல் சுள்ளி கொளுத்திப் பார்த்தபோது புகை ஒரே இழுப்பில் மேலே போயிற்று.

வெளியே பழைய லாரியில் லொரீனா முதலில் ஏறினாள். வர்ஜில் ஏறுவதற்குள் அவனுடைய கருவிப்பையை வாங்கி, எப்போதும்போல் மடியில் வைத்துக்கொள்ளாமல், இருவருக்கும் நடுவே இருக்கையில் வைத்தாள்.