அறுபத்து நாலாம் நம்பர் கம்ப்யூட்டர்

சிமெண்ட் கிடங்கில் சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே கத்த வேண்டும். அங்கேதான் சுண்டுவின் அம்மா மூட்டை தூக்குகிறாள்.

லாரி பின்பக்கமாக உள்ளே வருவதற்கு முன், வாசலில் இருக்கும் கேட் மாமா தன் கம்ப்யூட்டரில் 'லாரி வருது' என்று செய்தி அனுப்புவார். கிடங்குச் சுவரில் மாட்டிய பெரிய திரை 'டிங்' என்னும். கொசு இருமியது போல. யாருக்குக் கேட்கும்?

போன வாரம் லாரி அம்மாவின் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

சுண்டுவுக்கு வயது பதினொன்று. ஆள் சின்னது, அதனால் அந்தப் பெயர். அவள் உட்கார்ந்து ஒரு பிளகின் எழுதினாள். செய்தி அனுப்பும் மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்கிற சின்ன நிரல் அது. 'லாரி' என்ற சொல் வந்தால் திரை முழுக்கச் சிவப்பாகி மினுக்கும்.

வீட்டு கம்ப்யூட்டரில் அது ஜோராக ஓடியது. ஆனால் அந்தப் பெரிய திரையை இயக்கும் கிடங்கு கம்ப்யூட்டரில் வேறு இயங்குதளம். நிரல் கட்டும் கருவிகள் அதில் இல்லை. ஏற்றவும் கிடங்கு மேஸ்திரி விடமாட்டார்.

"அப்போ என்னடி பண்ணுவே?" என்றாள் அம்மா.

"இங்க உக்காந்தே அந்தக் கம்ப்யூட்டருக்குக் கட்டணும்மா. கிராஸ் கம்பைல்னு பேரு."

"கிராஸ் கம்பளியா? இந்த வெயில்லயா?"

"கம்பைல்மா. ஆள் பக்கத்துல இல்லாம சட்டை தைக்கிற மாதிரி. அளவு தெரிஞ்சா போதும்."

அளவு கேட்க கேட் மாமாவுக்கு போன் போட்டாள். "மாமா, கிடங்கு கம்ப்யூட்டர் முப்பத்திரண்டா, அறுபத்து நாலா?"

"இரு, பாத்துட்டு வரேன்." போய்விட்டு வந்தார். "அறுபத்து நாலும்மா. நல்லா கொட்டை எழுத்துல இருக்கு."

கம்ப்யூட்டர் ஒரே வாய்க்கு எவ்வளவு விழுங்கும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அதை பிட் என்பார்கள். சுண்டு அறுபத்து நாலு பிட்டுக்கு நிரலைக் கட்டி, பென் டிரைவில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி அனுமதி கொடுத்தார். "சைரன் ஊதுற வரைக்கும்தான். அரை மணி. ஆகலேன்னா இந்தப் பேச்சையே விட்டுடணும்."

சுண்டு நிரலை ஏற்றினாள். 'இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை' என்றது திரை. மறுபடி ஏற்றினாள். மறுபடியும் அதே பதில்.

"நான் அப்பவே சொன்னேன், இதெல்லாம் பிள்ளைங்க விளையாட்டுன்னு," என்றார் மேஸ்திரி. அம்மா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கம்பி ஏதாவது கழன்றிருக்குமோ என்று சுண்டு மேசைக்கடியில் குனிந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் வெள்ளை பெயிண்டில் பெரிதாக '64'. பக்கத்து மின்விசிறியில் '63'. நாற்காலியில் '65'.

எல்லாம் மேஸ்திரி சாமான்களுக்குப் போட்ட நம்பர்.

அவசரமாக அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். முப்பத்திரண்டு பிட்.

வாசலில் இருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கேட் மாமாவின் முகம் வாடிப்போனது. "நான் தப்பா சொல்லிட்டேனா?"

"நீங்க இருக்கிறதைத்தான் சொன்னீங்க மாமா. எத்தனை பிட்டுன்னு நான்தான் ஒழுங்கா கேக்கல."

சொல்லிவிட்டு ஓட்டம் பிடித்தாள். வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரே ஒரு எண்ணை மாற்றி மறுபடி கட்டச் சொன்னாள். வரிகள் மளமளவென்று ஓடின. சுண்டு ஒற்றைக்காலில் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப ஓடினாள்.

நிரலை ஏற்றி மென்பொருளைத் திறந்தபோது சைரன் ஊதிவிட்டது. இந்தத் தடவை திரை ஒன்றும் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க நேரமும் இல்லை. "போதும், தள்ளு," என்றார் மேஸ்திரி.

இயந்திரங்கள் உறுமின. அம்மா வாசலுக்கு முதுகைக் காட்டியபடி மூட்டையைத் தூக்கினாள்.

சட்டென்று சுவர் சிவந்தது. திரை மினுக்கியது. அணைந்தது. மினுக்கியது.

மூட்டை தூக்கிய ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு பேரும் ஓரமாக ஒதுங்கினார்கள். லாரி பின்பக்கமாக வந்து, ஆளில்லாத வெறுந்தரையில் நின்றது.

மேஸ்திரி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இருக்கட்டும். அப்படியே இருக்கட்டும்," என்றார்.

லாரி டிரைவர் இறங்கி வந்தார். "இது நல்லா இருக்கே. யார் செஞ்சது?"

"என் பொண்ணு," என்றாள் அம்மா.

சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "யாரு?"

அம்மா மூட்டையை இறக்கி வைத்தாள். கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, கிடங்கு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "என் பொண்ணு."

டிரைவர் தலையாட்டினார். அவருக்கு நன்றாகவே கேட்டுவிட்டது. ஆனாலும் அம்மா மூன்றாவது தடவையும் சொன்னாள்.