வாழ்க என்ற ஒரு சொல்

விடிந்ததும் காபி கலப்பதற்கு முன்பே ஏதாவது பேசியாக வேண்டும். கூரையில் அரசு பொருத்திய ஒட்டுச்செவிக் கருவி காத்துக்கொண்டிருக்கும். போன ஆட்சியை ஊரே வாயை மூடிக்கொண்டுதான் கவிழ்த்தது. அதனால் இந்த ஆட்சியில் மௌனம் குற்றம். வெயில், விலைவாசி, அரசுக்கு வாழ்த்து என்று நாள் முழுக்க உளறுவோம். அதில் ஒரு வார்த்தையைக்கூட யாரும் நம்புவதில்லை. பால்காரர் வாழ்த்தின் நடுவே சட்டென்று நிறுத்தினால், அன்று சோதனை வருகிறது என்று பொருள். உண்மையெல்லாம் அந்த இடைவெளிகளில்தான்.

அன்று என் கணவர் அறவாழி எழுந்து உட்கார்ந்தார், பேசவில்லை. டம்ளர் கையிலிருந்து நழுவியது. உதடு இலேசாகக் கோணியிருந்தது.

"என்னங்க, ஏதாவது சொல்லுங்க!" என்று உலுக்கினேன். ஆம்புலன்ஸை அழைத்தேன், இயந்திரம்தான் பேசியது: நோயாளியின் குரல் பதிவானால்தான் வண்டி வருமாம். பாழாய்ப்போன இயந்திரம்!

கதவைத் திறந்து கத்தினேன். எதிர் வீட்டு ரெஜினா ஓடி வந்தாள்.

"வாதம் வந்துடுச்சு ரெஜினா! பேச்சு வரல. உன் காரை எடு, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

ரெஜினா அவரையே பார்த்தாள். ஆலைத் தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் முழங்கிய மனிதர், வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அவள் கண் கலங்கியது. என் கையை இறுகப் பற்றிவிட்டு, பேசாமல் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அடியே, சத்தியமா சொல்றேன்டி! நோவுடி அது!"

சத்தியம் செய்யச் செய்ய இன்னும் மோசமானது. அவர் மௌனப் போராட்டம் தொடங்கிவிட்டார், ஒட்டுச்செவியை ஏமாற்ற நான் நடிக்கிறேன் என்றே நினைத்தார்கள். ஒவ்வொரு வீடாக அடங்கியது. நான் ஒருத்திதான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். கடவுளே, ஒரு கார் கிடைத்தால் போதுமே!

கார் வரவில்லை, காவல் வண்டி வந்தது. தாழ்வாரம் முழுக்க அக்கம்பக்கத்து ஆட்கள், மூடிய வாயோடு.

"ஐயா, 'வாழ்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க போயிடறோம்," என்றார் அதிகாரி.

"அவரால முடியாது சார்! டாக்டரைக் கூப்பிடுங்க!"

"எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க."

என் கணவர் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கோத்தது. சத்தம் வரவில்லை, கடைவாயில் எச்சில்தான் வழிந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டேன்.

வாசலில் ரெஜினா துப்பட்டாவை எடுத்து, தன் வாயின் அதே பக்கத்தை மெதுவாகத் துடைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக, சைகை போல, தங்கள் வாயைத் துடைத்தார்கள்.