பக்கத்து நாற்காலிக்காரன்

"நாலு மாசக் கர்ப்பிணியை வேலையை விட்டு நிறுத்தியிருக்காரு! அந்த அதிகாரிக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

ஞானபூரணம் கொதித்துப் பேசிவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த இளைஞன் மெல்ல எழுந்தான்.

"அந்த அதிகாரி நான்தாங்க. பேரு தாவீது."

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு!

பஞ்சாலைகளின் தொழிலாளர் நல அதிகாரிகள் கூட்டம் அது. அவளும் ஒரு மில்லின் நல அதிகாரிதான். ஆசைப்பட்டதென்னவோ மெட்ராஸ் மாநாட்டுக்கு. மேனேஜர்தான் "சங்கரன்கோவில் போதும்மா" என்று இங்கே அனுப்பிவிட்டார். லாட்ஜ் மாடியில் ஒரு டஜன் பேர்கூடத் தேறவில்லை. மெட்ராஸ் என்றால் திட்டிவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாய்க் கரைந்துவிடலாம். இங்கே...? அவன் மூச்சுவிடுவதுகூடக் கேட்கிறது!

டீ இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் நின்றவளிடம் அவனே வந்தான். மழைக்கால மேகம் போல் இருண்ட கண்கள்... அதில் கோபமே இல்லை.

"நீங்க சொன்ன பிள்ளை, முத்துத்தாயை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க மில்லுல வேலை கேட்டு வந்தா. அழுதா."

"முதலாளி சொன்னாரு... பயந்துட்டேன்."

"பயப்படுத ஆளுக்கு இம்புட்டுப் பெரிய மீசை எதுக்கு?"

ஐயோ, நானா இப்படிப் பேசினேன்? நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எடுத்துரட்டுமா?" அவன் சிரித்துவிட்டான். "சரி, உங்க மில்லுல இதுக்கு என்ன செய்தீங்க? சொல்லுங்க, கத்துக்கிடுதேன்."

சொன்னாள். மாசமான பெண்களை உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றியதை, பிரசவ லீவுக்காக முதலாளியிடம் மல்லுக்கு நின்றதை... மற்றவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். தன் வாய்ச்சொல்லுக்கு இத்தனை காதுகளா! அவள் மலைத்துப்போனாள்.

சாயங்காலம் சிவகிரி பஸ்ஸில் ஏறும்போது அவன் திரும்பிப் பார்த்தான். இவள் வீம்பாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முத்துத்தாயை அழவைத்தவனைப் போய்... சே!

ஆனாலும், மார்கழியில் அடுத்த கூட்டம் என்றதும் அவள்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். கண் வாசலிலேயே கிடந்தது. அவன் வரவில்லை.

கூட்டம் நடத்தும் சண்முகையா அண்ணாச்சி பெருமூச்சு விட்டார். "தாவீது இனி வரமாட்டாரும்மா. முதலாளிகிட்டச் சண்டை போட்டு அந்த முத்துத்தாயைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துட்டாரு. அவருக்குச் சீட்டைக் கிழிச்சுட்டாங்க."

என்னாலயா? நான் பேசின பேச்சாலயா?

அப்போதுதான் வாசலில் நிழலாடியது. அவனேதான்!

"உள்ள வாங்க, ஏன் அங்கனயே நிக்கீங்க?" என்றார் அண்ணாச்சி.

"நான் இப்ப எந்த மில்லுக்கும் ஆள் இல்ல அண்ணாச்சி. கூட்டத்துக்கு வரல..." அவன் பார்வை அவளிடம் வந்து நின்றது. "இவங்களைப் பார்த்துட்டுப் போகத்தான் வந்தேன்."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. அவள் முகம் குப்பென்று சிவந்தது.

"வேலை போனதுக்கு என்மேல கோவமில்லையா?"

"வேலை வேற கிடைக்கும். உங்களை மாதிரி முகத்துக்கு நேரே கேக்க ஆள் கிடைக்குமா?"

அவள் கண்கள் நிறைந்தன. இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கம் எங்கே போனதோ!

"எங்க அப்பாகிட்ட வந்து பொண்ணு கேளுங்க..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் எப்பவோ சம்மதிச்சாச்சு."