வெனிலாவின் நாலாவது விரல்

குளிப்பாட்டும்போது மட்டும்தான் வெனிலா சிரித்தாள். துவட்டி, பவுடர் போட்டு, பாயில் விட்ட அரை மணி நேரத்தில் அலறத் தொடங்குவாள். எட்டு நாளாக இப்படித்தான். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு எங்கே வலிக்கிறதென்று சொல்லத் தெரியவில்லை. திண்டிவனத்து டாக்டர் காதைப் பார்த்தார். விழுப்புரத்தில் இன்னொருவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, வாயு என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

அவள் அப்பன் அந்தோணி பிரபு, மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். எரிந்த மோட்டாரில் எந்தச் சுற்று புகைந்ததென்று முகர்ந்தே சொல்லிவிடுவான். கரண்ட் போன அந்த மதியத்தில், நின்ற மின்விசிறியின் கீழே, அலறும் மகளை மடியில் கிடத்தி உச்சியிலிருந்து ஒவ்வோர் இடமாக முகர்ந்துகொண்டே வந்தான். மொட்டைத் தலையில் சந்தனம். கழுத்து மடிப்பில் புளித்த பால். வலது பாதத்தில் அவன் மூக்கு நின்றது. சாக்கடையில் ஊறிய துணியின் நாற்றம்.

"மோட்டார் இல்லீங்க அது, உங்க பொண்ணு," என்றாள் மனைவி இருதயசெல்வி. "வயித்து வலின்னு டாக்டரே சொல்லிட்டாரு. காலைப் போயி நோண்டிக்கினு இருக்கீங்க."

"லென்ச எடு செல்வி. ஜல்தி."

நாலாவது விரல் கோவைப்பழம்போல் வீங்கியிருந்தது. அடியில் ஒரு பள்ளம். அதற்குள், வெந்த தோலுக்கும் மஞ்சள் சீழுக்கும் நடுவே, ஒற்றை முடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு. உற்சாகமாக விளக்கினான்: நனைந்த முடி நீளும், காய்ந்தால் சுருங்கும். குளிக்கும்போது பிடி தளர்கிறது. ஈரம் வற்ற வற்ற இறுகி, ரத்தத்தை நிறுத்தி, சதையை அறுத்துக்கொண்டு இறங்குகிறது.

"இன்னும் ரெண்டு நாள் வுட்டிருந்தா விரலே போயிருக்கும். உன் முடிதான்..."

பாதியில் நிறுத்தினான். செல்வியின் கை தன் மொட்டைத் தலைக்குப் போனது. வேளாங்கண்ணியில் மூன்று பேரும் முடி கொடுத்து இருபது நாள்கூட ஆகவில்லை.

"பழைய துணியில ஒட்டிக்கினு இருந்திருக்கும்," என்றாள்.

இருக்கலாம். ஊசியால் நெம்பினான். சீழ் பிதுங்கி அவன் கட்டைவிரலில் வெதுவெதுப்பாக வழிந்தது. முடியின் நுனி கிடைத்ததும் இடுக்கியால் பிடித்து இழுத்தான். இரண்டு சுற்றும் கழன்றன. முடி வரவில்லை. அதன் மறுமுனை நகத்துக்கு அடியில், சதைக்குள் போயிருந்தது.

இழுத்தான். ஒரு சாண் வந்தது. ஒரு முழம். நரைத்த முடி. செல்விக்கு ஒரு நரைகூட இருந்ததில்லை. வழவழப்பாக. அதே நாற்றத்தோடு. வர வர விரல்களில் சுற்றிக்கொண்டான்.

வெனிலாவின் அழுகை நின்றது. இழுத்தான். அவளுக்குக் குமட்டியது. விட்டான். குமட்டல் நின்றது. மறுபடி இழுத்தான். அவள் கன்னத்துக்குள் ஏதோ புரண்டது.

"இழுக்காதீங்க. ஏங்க... வேணாம்."

அவன் இழுக்கவில்லை. கையை அசைக்கவே இல்லை.

முடி நகர்ந்தது.

உள்ளே. நகத்துக்கு அடியில். திரும்ப உள்ளே.

அவன் விரல்களில் இருந்த சுற்றுகள் இறுகின. விரல்நுனிகள் நீலமாயின. கை, மகளின் பாதத்தை நோக்கி இழுபட்டது.

வெனிலா வாயைத் திறந்தாள். நாக்குக்குப் பின்னால், எச்சிலில் பளபளத்து, ஒரு நரைமுடி உருண்டை மெதுவாகச் சுழன்று, முடியைத் தன்மேல் சுற்றிக்கொண்டிருந்தது.